மைக்கில் வந்த என் குரல்

சூளகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாதேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்க நான், உங்கம்மா, உன் தங்கச்சி யுவஸ்ரீ மூணு பேரும் சுகம், என் மானம் மரியாதை மட்டும் ஒரு மாசமா படுத்த படுக்கையா கிடந்து இப்பதான் எழுந்து உக்காந்து கஞ்சி குடிக்குது. புனேயில நீ சுகமா இருக்க நம்ம முனியப்பன் துணை இருக்கட்டும். போன் இருக்கறப்ப எதுக்குக் கடுதாசின்னு நினைப்ப. போன்ல பேசினா உங்கம்மா பக்கத்துல நின்னு வரிக்கு வரி திருத்தறா, நானும் எனக்குத் தோதில்லாத பாதியை முழுங்கிடறேன். காகிதத்துல எழுதறப்ப பொய் சொல்லக் கை கூசுது. அதனால முதல்லருந்து சொல்றேன், சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ கண்ணு, ஆனா முழுசும் படி.

கம்பெனியில ரிட்டயர் ஆனதும் நான் நம்ம தெரு நலச் சங்கத்துக்குத் தலைவர் ஆனேனே, அது வேற யாரும் வேண்டாம்னு சொன்னதால கிடைச்ச பதவின்னு உங்கம்மா சொல்றது நெசம்தான். ஆனா நான் அடுத்த நாளே ஓசூர் போய் என் பேருக்கு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சுகிட்டு வந்தேன். ஸ்டாம்ப் கையில இருந்தா எதுலயாவது குத்தணும்னு அரிக்குது. அந்த நேரம் பார்த்து எதிர் வரிசை ஹார்டுவேர் கடை மன்சூர் பாய், கடைக்கு மேல இருக்கற வீட்டை ஒடிசாவுலருந்து வந்த ஆறு பொண்ணுங்களுக்கு வாடகைக்கு விட்டாரு. ஆறு பேரும் நம்ம யுவஸ்ரீ வேலை பார்க்கற அதே கம்பெனி, அவ லைன்லயே நிக்கறவங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து மாடியில நின்னு ஊருக்குச் சத்தமா போன் பேசுவாங்க, கடுகெண்ணெயில தாளிப்பாங்க, குப்பை வண்டி எந்தக் கிழமை வரும்னு தெரியாம தினமும் வாசல்ல பையை வெச்சிடுவாங்க. குத்தம்னு பார்த்தா மொத்தமே இவ்வளவுதான். இதை வெச்சுகிட்டு நான் வீடு வீடா ஏறி இறங்கினேன். இன்னிக்கு ஆறு பேரு, நாளைக்கு அறுபது பேரு, அப்புறம் நம்ம தெருவுல நமக்கே இடமிருக்காதுன்னு ஒரு வசனம் பேசினேன். அது எனக்கே ரொம்பப் புடிச்சுப் போய் டீக்கடையிலயும் ரெண்டு தடவை சொன்னேன். தமிழ்நாட்டுல தமிழ் தெரியாதவங்களுக்கு என்ன வேலைன்னும் கேட்டேன். கேட்டது யாருன்னு பாரு, ஜவளகிரியில கன்னடம் பேசி வளர்ந்து, இங்க வந்த புதுசுல தமிழ்ல ஒரு கிலோ சக்கரை கேட்டதுக்குக் கடையே சிரிச்சுதே, அந்தக் கங்கப்பன். இன்னிக்கும் உங்கம்மாகிட்டச் சண்டைன்னா தெலுங்கு, சாமி கும்பிடறது கன்னடம், வீராப்புக்கு மட்டும்தான் தமிழ்.

அப்புறம் சங்கச் செயலாளர் திருமலையைக் கூட்டிகிட்டு மன்சூர் பாய் கடைக்குப் போனேன். இருபது வருசமா கூட உக்காந்து டீ குடிச்ச மனுசன்கிட்ட, தெருவோட முடிவு இதுன்னு அதிகாரி மாதிரி நின்னுகிட்டே பேசினேன். அவரு ஆணி எடை போட்டுகிட்டே, கங்கப்பா, ஓசூர்ல நான் வீடு தேடினப்ப என் பேரைக் கேட்டதும் ஆள் வந்தாச்சுன்னு சொன்ன வீடு எத்தனைன்னு உனக்குத் தெரியும்ல, அன்னிக்கு என்கூட நடந்தது நீதானப்பான்னு கேட்டாரு. நான் கால் வலிக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கடைக்கு வர்ற ஜனம் நின்னு போயிடுமோன்னு அவருக்கும் பயம், மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு. மறு வாரமே அதுல ரெண்டு பொண்ணுங்க வேலையை விட்டுட்டு ரயிலேறிப் போயிட்டாங்க. அதைக் கேட்டு நான் அன்னிக்கு ஒரு தோசை அதிகமா தின்னேன், மறைக்க மாட்டேன். யுவஸ்ரீ என்கூடப் பேச்சை நிறுத்தினா. மன்சூர் பாய் பொண்ணு நிகத்தும் அவளும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தைத் தூக்கிகிட்டு, மிச்சம் நாலு பொண்ணுங்களையும் கூட்டிகிட்டு ஒவ்வொரு வாசலா போய், உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு கேட்டு எழுதிகிட்டு இருந்தாங்க. சின்னப்புள்ளை விளையாட்டுன்னு நான் சிரிச்சேன்.

இனிமே யாரும் வெளியூர்க்காரங்களுக்கு வீடு விடக்கூடாதுன்னு தீர்மானம் போட ஞாயிறு சாயங்காலம் முனியப்பன் கோயில் முன்னால கூட்டம் வெச்சேன். கோயில் மைக்குல இருபது நிமிசம் பேசினேன், கைதட்டு கூட வந்துது. அப்ப யுவஸ்ரீ எழுந்து வந்து, அப்பா மைக்கைக் கொஞ்சம் குடுங்கன்னு மரியாதையா கேட்டு வாங்கினா. அவ போனை மைக்குகிட்ட வெச்சா. ஊரு விட்டு ஊரு பொழைக்கப் போன புள்ளைக்கு வீடு இல்லன்னு கதவைச் சாத்தறானே, அவன் மனுசனா, அவன் வீட்டுல பொம்பளப்புள்ள இல்லையா, அவனெல்லாம் சோத்தைத்தான் திங்கறானான்னு ஒரு ஆளு கரகரன்னு கத்தறான். யாரோ நல்லாத்தான் பேசறாங்கன்னு முதல்ல தலையாட்டினவனே நான்தான் மாதேசு. உங்கம்மா முந்தானையால வாயைப் பொத்திகிட்டு என்னைப் பார்த்தப்பதான் அது என் குரல்னு உறைச்சுது. ரெண்டு வருசத்துக்கு முன்னால, மதராசி மீன் சமைப்பான்னு மூணு வீட்டுக்காரங்க உன்னைத் திருப்பி அனுப்பினதை நீ அழுதுகிட்டே சொன்ன அன்னிக்கு உனக்கு வாட்ஸப்புல நான் பேசி அனுப்பினது. நான் உனக்கு மட்டும் அனுப்பினது அவ போனுக்கு எப்படி வந்துதுன்னு நான் கேக்கப் போறதில்ல, எனக்குத் தெரியும். கூட்டம் சிரிச்சு முடிஞ்சதும் யுவஸ்ரீ நோட்டைத் தொறந்தா. போன் பேச்சு உள்ள உக்காந்து, குப்பை செவ்வாயும் வெள்ளியும், எண்ணெய் வாசனைக்கு வழியில்ல, நம்ம கருவாட்டு வாசனையை அவங்க பொறுத்துக்கறாங்க, நாமளும் பொறுத்துக்கணும், இதுக்கு மேல ஏதாவது இருந்தா அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, இங்கதான் நிக்கறாங்கன்னா. எனக்குக் கைதட்டினவங்களே தீர்மானத்துக்குக் கை தூக்கலை. தீர்மானம் விழுந்துது.

மூணு நாள் வீட்டை விட்டு வெளிய வரலை. நாலாம் நாள் யுவஸ்ரீகிட்ட, அந்தப் பொண்ணுங்ககிட்டச் சொல்ல ஒரு இந்தி வரி சொல்லிக் குடுன்னு கேட்டேன். நீங்க போகாதீங்கங்கறதுக்கு ஆப் லோக் மத் ஜாயியேன்னு சொல்லணுமாம். குளிக்கறப்பக் கூட மனப்பாடம் பண்ணினேன். படியேறிப் போனா மூட்டை கட்டி வெச்சிருக்காங்க. மூத்தவ சஸ்மிதா கதவைத் தொறந்தா, உன்னை மாதிரியே ஒல்லி, பயந்த கண்ணு. ரெண்டு கையையும் கூப்பி ஆப் லோக் ஜாயியேன்னு உரக்கச் சொன்னேன். அந்த மத் என் வாயிலருந்து எங்க விழுந்துதோ தெரியலை. அது இல்லாட்டி நீங்க போங்கன்னு அர்த்தமாம். காலி பண்ண வெச்ச ஆளே கையெடுத்துக் கும்பிட்டுப் போங்கன்னு சொல்றான், அந்தப் பொண்ணு பாவம் கண்ணுல தண்ணியோட சரின்னு தலையாட்டுது. கீழ படியிலருந்து யுவஸ்ரீ மத் மத்துன்னு கத்திகிட்டு ஓடி வந்தா. அப்புறம் நிகத்தும் வந்து புரிய வெச்சு, அவங்க சிரிச்சு, நான் அழுது, அதை எழுத வேணாம். மன்சூர் பாயும் காலி பண்ணச் சொன்னதை வாபஸ் வாங்கிட்டாரு, அன்னிக்கே மூட்டையைப் பிரிச்சாங்க.

இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காத. சங்கத் தேர்தல் வந்துது. பெரியவங்களே பேசிகிட்டு இருந்தா இப்படித்தான் ஆகும்னு யுவஸ்ரீ தலைவருக்கு நின்னா, எதிர்த்துத் திருமலை. நான் அவளுக்காக வீடு வீடா போனேன். ஏழு வீட்டுல, இன்னிக்கு ஆறு பேரு நாளைக்கு அறுபது பேருன்னு என்கிட்டயே சொல்றாங்க, எழுத்துப் பிசகாம. வாழ்நாள்ல நான் விதைச்சு இவ்வளவு நல்லா முளைச்சது இது ஒண்ணுதான். திருமலை என்னை நிறுத்தி, நீ சொல்லிக் குடுத்ததைத்தான நான் பேசறேன், நீ மாறிட்டா நான் எங்க போறதுன்னு கேட்டான். கிண்டலா கேக்கலை, நெசமாவே கேட்டான். அவன்கூட ரோடு வரைக்கும் நடந்தேன். வீட்டுக்கு ஒரு ஓட்டு, உன்னை நம்ப முடியாதுன்னு நம்ம வீட்டு ஓட்டை உங்கம்மாவே போட்டா. இருபத்திரெண்டுக்குப் பத்தொன்பதுல யுவஸ்ரீ ஜெயிச்சா. ஜெயிச்ச கையோட திருமலையையே திரும்பச் செயலாளரா இருக்கச் சொல்லிட்டா, எனக்கு அந்தப் பெரிய மனசெல்லாம் அவளை மாதிரி இருபத்திரெண்டு வயசுல இருந்ததில்ல, ஐம்பத்தொன்பதுலயும் இல்ல. முதல் வேலையா வாடகைக்கு இருக்கறவங்களும் சங்கத்துல உறுப்பினர்னு மாத்தினா.

போன ரெண்டு பொண்ணுங்களையும் திரும்ப வரச் சொல்லி சஸ்மிதா போன் பண்ணினா, நான் பக்கத்துல இருந்தேன். ஒருத்திக்கு வீட்டுல கல்யாணம் பேசிட்டாங்களாம், இனி வேலைக்கு அனுப்ப மாட்டாங்களாம். இன்னொருத்தி சூளகிரின்னு கேட்டதுமே போனை வெச்சுட்டா. அவ முகம் எனக்கு ஞாபகமில்ல மாதேசு. ஒரு தடவை கூட நான் நிமிர்ந்து பார்த்ததில்ல.

சரி கண்ணு, அங்க உன் அபார்ட்மெண்டுல யாராவது புதுசா குடி வந்தா நீ முதல்ல போய்ப் பேரைக் கேளு, ஊரை அப்புறம் கேட்டுக்கலாம். வேளைக்குச் சாப்பிடு, ஸ்கூட்டர்ல போறப்ப ஹெல்மெட் மாட்டு, பல்லு வலின்னு சொன்னியே, டாக்டரைப் பார்த்தியா இல்லையான்னு அம்மாவுக்கு உடனே தகவல் சொல்லு. எங்க இருந்தாலும் நாலு பேரு மதிக்கற மாதிரி, நாலு பேரை மதிக்கற மாதிரி நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு உன் அப்பா,
கங்கப்பன்,
தலைவரின் தகப்பன்.