யார் விரலில் முதலில் வந்தது

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குக் கட்ட அரக்குப் புடவையை எடுத்தேன். கொசுவம் மடிக்கும்போது என் ஆள்காட்டி விரல் பட்டில் மாட்டி ஓர் இழையை இழுத்துவிட்டது. விரலைத் திருப்பிப் பார்த்தேன். மிளகளவு ஒரு மரு. பாகற்காய்த் தோல் போலச் சொரசொரப்பு, நடுவில் கரும்புள்ளிகள். உங்கள் விரலில் இருந்ததும் இப்படித்தான் இருந்தது.

அன்று நீங்கள் ராட்டையின் முன் உட்கார்ந்து குழலில் பட்டைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். இழை இரண்டு முறை விரலில் மாட்டி அறுந்தது. "இந்த மரு வேற, பட்டைப் புடிச்சிக்கினு உடமாட்டேங்குது" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பாவின் கையில் மூன்று மருக்களை நான் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் பள்ளிக்கூட வேலைக்குப் போன பிறகு, உங்கள் மடியில் உட்கார்ந்துதான் அவள் தினமும் சாப்பிட்டாள்.

"அக்கா, இந்தக் கையோட இனிமே குழந்தைக்கு ஊட்டாதீங்க. இது ஒட்டுற நோய்" என்றேன். கூடத்தில் நம் மாமியார் இருந்தார், உங்கள் வீட்டுக்காரர் இருந்தார். அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

உங்கள் விரலைப் பார்த்தீர்கள். பாப்பாவின் கையையும் பார்த்தீர்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். பிறகு, "சரிம்மா, நீ படிச்ச பொண்ணு, தெரியாமயா சொல்லுவே" என்று நிறுத்திக்கொண்டீர்கள். மறுநாளிலிருந்து ஸ்பூன். பாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இரும்பு வாசனை வருது பெரிம்மா" என்று முகத்தைச் சுளிப்பாள்.

அந்த வாரமே சாயம் போடுகிறவரிடம் பட்டு வேகவைக்கிற சோடாவை வாங்கிவந்து, வெற்றிலைச் சுண்ணாம்போடு குழைத்து விரலில் வைத்துக் கட்டினீர்கள். "பட்டுல இருக்கற பசையே போவுது, இது போவாதா?" என்றீர்கள். நம் நெசவுத் தெருப் பெண்களுக்குத்தான் அப்படித் தோன்றும். காலையில் அவிழ்த்தபோது மருவோடு தோலும் வந்துவிட்டது. ஒரு மாதம் நீங்கள் ராட்டையைத் தொட முடியவில்லை. "அடுப்புல வெச்ச மாதிரி சுட்டுக்கினியே, அப்படி என்னடி அவசரம்?" என்று மாமியார் திட்டினார். அவசரம் எதற்கென்று எனக்குத் தெரியும்.

வெந்துபோன உங்கள் விரலைப் பார்த்த பயத்தில் பாப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். குஷ்டமாக இருக்குமோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "சாதாரண மரும்மா. கிருமியால வர்றது. தொட்டா பரவும், ஆனா வெளியே தெரிய மாசக்கணக்காவும். நிறைய பசங்களுக்குத் தானா உதிர்ந்துடும். எத்தனை நாளா இருக்குது?"

"ஒரு மாசமா" என்றேன்.

"இல்ல டாக்டர், ஆடி மாசமே இருந்துச்சு" என்றாள் பாப்பா. "பெரிம்மாதான் பார்த்தாங்க. கோயில் குளத்துல வெல்லம் போட்டாங்க. இது கரையற மாதிரி அதுவும் கரைஞ்சிடும்னாங்க. உங்கம்மாகிட்ட சொல்லாதே, பயந்துக்குவான்னாங்க."

"அப்ப பெரிம்மா கையில இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லியே. அவங்களுக்குத் தீபாவளிக்குதானே வந்துச்சு."

விலங்கியல் படித்தவள் நான். எது முன்னால், எது பின்னால் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் ஒரு சிறு புட்டியில் ஆசிட் கொடுத்தார். சுற்றிலும் வாசலின் தடவிவிட்டு, தீக்குச்சி முனையால் மருவின் மேல் மட்டும் தொட்டு வைக்க வேண்டும். பங்குனிக்குள் மூன்றும் உதிர்ந்தன, தழும்புகூட இல்லை. உங்கள் விரலில்தான் தழும்பு நின்றது.

வீட்டுக்கு வந்ததுமே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் ஸ்பூன் வைக்காமல் தட்டில் சோற்றைப் பிசைந்து, பாப்பாவை உங்களிடம் அனுப்பினேன். புரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள், "அந்த ஸ்பூனை எடுத்தாடி கண்ணு" என்றீர்கள். கடைசிவரை ஸ்பூனால்தான் ஊட்டினீர்கள். இரண்டாவது பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது உங்களுக்கு மஞ்சள் காமாலை. பச்சை உடம்பு என்று, உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட என்னைப் பயணம் செய்ய விடவில்லை.

இன்று கோயிலிலிருந்து வந்து தம்பிக்குச் சோறு பிசைந்தேன். பாப்பாவுக்கு இப்போது எட்டு வயது. என் விரலைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, இந்தக் கையோட தம்பிக்கு ஊட்டாதே. நீதானே பெரிம்மாகிட்ட சொன்னே?"

அதே கூடம். மாமியார் இருந்தார். உங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னேன். சொன்னது தப்பு" என்றேன். "பெரிம்மாகிட்டேர்ந்து உனக்கு வரல. உன்கிட்டேர்ந்துதான் அவங்களுக்குப் போயிருக்கணும். அவங்களுக்கு அது தெரியும். சொல்லல."

உங்கள் வீட்டுக்காரர் இலையிலிருந்து நிமிரவில்லை. "எனக்கும் தெரியும்மா" என்றார். "சொல்லிடாதே, அந்தப் பொண்ணு தாங்காதுன்னு சொல்லிக்கினே இருந்தா."

அலமாரியிலிருந்து ஸ்பூனை எடுத்துவந்து உட்கார்ந்தேன். நீங்கள் ஊட்டிய அதே ஸ்பூன்தான், வேறு எதற்கும் நான் அதை எடுப்பதில்லை. முதல் வாய்க்கே தம்பி முகத்தைச் சுளித்தான், அக்கா.