வெள்ளை வேட்டி வேண்டாம்

என்னங்க,

சொசைட்டில பால் ஊத்திட்டு வந்ததும் சாப்பிடுங்க. புளிக்குழம்பு அடுப்பு மேல இருக்கு. மோட்டார் ரூம் சாவிய நான் எடுத்துட்டுப் போறேன், தேடாதீங்க. அங்க பூச்சிமருந்து இருக்கு.

வயசானவங்க மனசப் பத்தி ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மா பதினோரு மணிக்கு மறுபடியும் வாராங்க. போன தடவ நீங்க மாமாவுக்குச் சவரம் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, கல்யாண வீட்டுக்குக் கிளம்புன மாதிரி உட்கார வச்சீங்க. தூக்கம் வருதான்னு அவரைக் கேட்டா, "நல்லாத் தூங்குறாரும்மா"ன்னு நீங்க சொன்னீங்க. சாகணும்னு தோணுதான்னு கேட்டதுக்கு, "எங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாது"ன்னு சிரிச்சீங்க. மாமா தரையவே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அத்தை போனதுலேருந்து அவரு வாயத் தொறந்து சொல்றது, "லைட்ட அமத்து ஆத்தா"ங்கிறது மட்டும்தான்.

ஊரு என்ன பேசும்னு நேத்தும் சண்டை போட்டீங்க. பேசட்டும். இன்னைக்கு அவரை அழுக்கு வேட்டியோடயே விடுங்க. நீங்க வெளிய நில்லுங்க.

அறிவுமதி

இதை எழுதி வச்சுட்டுச் செருப்பு மாட்டுறப்ப மாமா கூப்பிட்டாரு. தானே சவரம் பண்ணியிருக்காரு. வெள்ளை வேட்டி எங்கன்னு கேட்டாரு. எங்க போகன்னு கேட்டா மோட்டார் ரூம் பக்கம் பார்க்குறாரு. இன்னைக்கு ஆள் வர்றது அவருக்குத் தெரியாதுங்க. நாம சொல்லவே இல்ல.

நான் ஏற வேண்டிய அரிமளம் பஸ் போயிருச்சு. நான் போகல, அவரு பக்கத்துலதான் இருக்கேன். அவரை வச்சுக்கிட்டு இதையெல்லாம் பேச முடியாது, அதான் சீட்ட இங்கயே விட்டுட்டேன். படிச்சுட்டு உள்ள வாங்க. அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே வாங்க.