பால் கொடுக்கிறவளிடம் சொல்லாதது

மார்ச் 3, செவ்வாய்

மன்னிக்க வேண்டும் டைரியே, இன்றைக்கும் ராத்திரி இந்நேரத்துக்குத்தான் எழுத முடிந்தது. பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். பகலெல்லாம் அனல். மார்ச் மாதமே இப்படி.

செய்ய வேண்டியது: பாப்பாவுக்கு வைட்டமின் டி சொட்டு தீரப்போகிறது (அவள் அப்பா தினமும் ஃபோனில் கேட்கிறார்). கொசுவலைக் கிழிசல். அம்மாவுக்கு ஃபோன்.

சாயங்காலம் டி.வி.யில் அவருடைய கபடி ஆட்டம். ஜெயித்தார்கள். அவர் ரெய்டு போகும்போதெல்லாம் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார். கொழுந்தனார் பிரபு, திரையில் அண்ணன் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, அண்ணன் மொகத்தைப் பார்க்க மாட்டீங்களா?"

"கபடில காலுதானுங்க அண்ணி மொகம்."

சிரித்தேன்.

பிறகு அவர் வீடியோ கால். எப்போதும் போல முகம் மட்டும். ஒரு சந்தேகம் கேட்டார். கூட ஆடும் பையன் ஒருத்தனுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி ரொம்பக் குறைவாம். எலும்பில் வலியாம், வாரம் ஒரு மாத்திரையாம். "எலும்பு எப்பச் சரியாவும்?"

பயோகெமிஸ்ட்ரி படித்தவளாயிற்றே. உற்சாகமாகச் சொன்னேன். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், ஆனால் மாத்திரை மட்டும் போதாது. தினமும் குதித்து விழுந்து அடி வாங்கும் எலும்பு, ஓய்வில்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். டி குறைந்தால் சாப்பிடும் கால்சியம் உடம்பில் சேராது. ஓய்வும் இல்லையென்றால் விரிசல் விடும். அதோடு ஆடினால் ஒரு நாள் முழுதாக உடையும்.

"அந்தப் பையனை உக்கார வையுங்க மாமா."

"ம்" என்றார்.

மார்ச் 5, வியாழன்

காற்றே இல்லை. துவைத்த துணி நிமிஷத்தில் காய்ந்தது.

காலையில் நாமகிரிப்பேட்டையிலிருந்து கவிதா ஃபோன். அவள் வீட்டுக்காரரும் அதே அணி.

"உங்கூட்டுக்காரருக்குக் கால் எப்படீங்க இருக்குது?"

"எந்தக் கால்?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

இடது பாதத்தில் எலும்பு விரிசல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வலி மரத்துப்போக ஊசி. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. அதற்கும் ஊசிதான்.

கூட ஆடும் பையன் என்று யாரும் இல்லை. அவரேதான்.

ஏசி அரங்கில் பயிற்சி, ராத்திரியில் ஆட்டம், பகலில் ஹோட்டலில் திரையை இழுத்துவிட்டுத் தூக்கம். வெயில் எங்கே படும்?

அத்தையிடம் நேராகக் கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அதென்னமோ வெயில் சத்து கொறைச்சலாமா. காட்டுல கெடந்து வளந்த பையனுக்கு! நாமக்கல்லுல முட்டை இல்லீன்னா நம்புவியா நீயி?"

"அது இருக்கட்டுங்க அத்தை. எனக்கு ஏன் சொல்லலை?"

"பால் குடுக்கற புள்ளைகிட்ட இதையெல்லாம் சொல்லுவாங்களா சாமி? வெசனப்பட்டா பால் வத்திரும். அவந்தான் சொல்ல வேண்டாம்னான்."

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, கார் டயர் மாற்றுகிறோம் என்று அண்ணனும் தம்பியும் சேலம் போனார்களே. அன்றைக்குத்தான் ஸ்கேனாம். திரும்பி வந்து டயர் விலையைப் பற்றி வேறு பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெரிந்தவர்கள்: அத்தை, மாமனார், பிரபு, கவிதா, அவள் வீட்டுக்காரர்.
தெரியாதவர்கள்: நான், பாப்பா.

மார்ச் 6, வெள்ளி

பாப்பாவுக்குச் சளி. வெந்நீர். சொட்டு வாங்கியாயிற்று.

பிரபுவைப் பிடித்தேன். பைக்கில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"இந்த சீசன் உக்காந்தா அடுத்த சீசன் அண்ணனை ஆருங்க அண்ணி எடுப்பாங்க? டீமுக்கு என்ன, வேற காலு கெடைக்கும்."

"எங்களுக்கு?"

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

விரிசலை மறைத்தது கூடப் பரவாயில்லை. இல்லாத ஒரு பையனுக்காக என்னைப் பரிதாபப்பட வைத்தாரே. உடையும் என்று என் வாயால் சொல்லக் கேட்டுவிட்டு "ம்" என்றாரே. படித்தவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார். அந்தப் படிப்பு வேண்டும், நான் வேண்டாம்.

பால் ஒன்றும் வற்றவில்லை. ரவிக்கை நனைகிறது.

மார்ச் 7, சனி

அவர் கூப்பிட்டார். எடுக்கவில்லை. உடனே அத்தை ஃபோனுக்குக் கூப்பிட்டார். "தூங்கறா சாமி" என்று அத்தை பொய் சொன்னார். என் எதிரிலேயே. இந்த வீட்டில் எவ்வளவு சுலபமாக வருகிறது.

தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருந்தேன். கடைசியில் அனுப்பியது இது:

"மாமா, கவிதா சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் உங்க காலுக்குத்தான். நாளைக்கு ஊசி போட்டுக்கிட்டு எறங்கப் போறீங்களா, உக்காரப் போறீங்களா? எதுவா இருந்தாலும் மொதல்ல என்கிட்டச் சொல்லுங்க. அத்தைகிட்ட வேண்டாம், பிரபுகிட்ட வேண்டாம். முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சீக்கிரம் பதில் போடுங்க."