இரண்டாவது கட்டியும் ஒரு கேள்வியும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மொத்தக் காய்கறிச் சந்தையில் பதினோரு தராசுகளைச் சோதித்தேன். இரண்டில் முத்திரை காலாவதி. "போன வருஷம் சரின்னு நீங்கதானே மேடம் சீல் போட்டீங்க, அதே தராசுதானே?" என்றார் ஒரு கடைக்காரர். எடைக்கற்களை வைத்துக் காட்டினேன். இருபது கிலோவுக்கு நாற்பது கிராம் தள்ளி நின்றது. அவருக்கே ஆச்சரியம்.

மத்தியானம் மருத்துவமனை. கழுத்தெலும்புக்கு மேலே தட்டுப்பட்ட கட்டியில் ஊசியால் எடுத்ததற்கு முடிவு வந்துவிட்டது. புற்றுதான். மார்பில் அறுவை முடிந்து ஐந்து வருடம் கழித்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 5

ஒண்ணும் எழுதத் தோணல.

மார்ச் 8, சனி

முதல் தடவை நான் எதையும் படிக்கவில்லை. சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

ஒன்றில் கட்டி முழுதாகக் கரைந்தது என்று இருந்தது. கால் தரையில் பாவவில்லை. ஐந்தாம் பக்கம் வந்த பிறகுதான் தெரிந்தது – எல்லாம் எலிகள். தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். "எலிக்காவது விடிஞ்சுதே அக்கா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள். நான், எலிகளுக்கு எத்தனை நாள் மருந்து கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

வீட்டுக்காரருக்கு நான் படிப்பது பிடிக்கவில்லை. டாக்டர் பார்த்துக்கொள்வார், நீ எதற்குத் தலையை உடைத்துக்கொள்கிறாய் என்று மடிக்கணினியை மூடினார். மெல்லத்தான் மூடினார். கோபமில்லை, பயம்.

எனக்கும் பயம்தான். ஆனா படிக்கிறப்போ பயம் கொஞ்சம் தள்ளி உட்காருது. இத அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

மார்ச் 15, சனி

இன்றைக்குக் கிடைத்தது பெரிய விஷயம். திரும்பி வரும் கட்டி, முதல் கட்டியின் குணத்தோடேயே இருக்கும் என்று உறுதியில்லையாம். சிலருக்கு மாறிவிடுகிறது. குணம் மாறினால் மருந்தும் மாற வேண்டும்.

பரணிலிருந்து பழைய கோப்பை இறக்கினேன். 'ஹெர்-டூ புரதம்: இல்லை' என்று இருக்கிறது. கட்டியை வேகமாக வளரவைக்கும் புரதமாம் அது. ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. புதிய அறிக்கையில் அந்த வரியே இல்லை, புற்று என்பதோடு முடிந்துவிடுகிறது. அப்படியானால் எனக்கு எழுதப்போகும் மாத்திரை எந்த அறிக்கையை நம்பி? காலாவதியான முத்திரையை நான் ஒரு கத்தரிக்காய்க் கடையில்கூட ஏற்றுக்கொள்வதில்லையே.

மார்ச் 18, செவ்வாய்

கேட்டுவிட்டேன். அதிகப்பிரசங்கி என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான். டாக்டரம்மா இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாறியிருக்க வாய்ப்பு கம்மிதான்மா. ஆனா பார்க்காம சொல்றது தப்பு. நானே கேட்டிருக்கணும்."

முன்பு எடுத்தது போதாதாம், கொஞ்சம் தடித்த ஊசியால் மறுபடி எடுக்க வேண்டுமாம். வெளியே வந்ததும் இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இன்னொரு ஊசியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று.

மார்ச் 20

எடுத்தாயிற்று. மரத்துப்போக மருந்து கொடுத்ததால் வலியில்லை, 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். கண்ணாடிக் குப்பியில் காட்டச் சொன்னேன். வெள்ளை நூல் துண்டு மாதிரி மூன்று. இத்தனூண்டு இருந்துகொண்டு இத்தனை பேரை ஆட்டி வைக்கிறது.

மார்ச் 27

இன்னும் வரல. மாறாமலே இருந்தா? சும்மா பத்து நாளை வீணடிச்சதா ஆயிடுமோ? தெரிஞ்சுக்கணும்னு ஏன் இப்படி ஒரு வெறி எனக்கு?

ஏப்ரல் 2, புதன்

மாறியிருக்கிறது. 'இல்லை' இருந்த இடத்தில் 'மிகுதியாக உள்ளது.'

டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள் இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அது இருந்தா நல்லதா கெட்டதா, டாக்டர்?" இத்தனை நாளில் இவர் கேட்ட முதல் கேள்வி.

"ஒரு காலத்துல கெட்ட சேதி. இப்ப அதுக்குன்னே மருந்து இருக்கு."

எழுத இருந்த மாத்திரையை அடித்துவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று எழுதினார். வீட்டுக்கு வரும் வழியில் இவர், புரதம் என்றால் பருப்பில் இருப்பதுதானே, அது எப்படிக் கட்டிக்குள் போனது என்று கேட்டார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் விளக்கிக்கொண்டே வந்தேன்.

மே 6

முடி கொட்டியாயிற்று. வாயெல்லாம் புண். படிக்க முடியவில்லை. இவர் தட்டுத் தடுமாறி ஒரு கட்டுரையை வாசித்துக் காட்டினார். பாதியில் தூங்கிவிட்டேன்.

ஜூலை 12, சனி

ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது. போய்விடவில்லை. மருந்து எத்தனை நாள் வேலை செய்யும் என்று கேட்டேன். சராசரிக் கணக்கு உங்களுக்கே தெரியும், உங்கள் கணக்கு யாருக்கும் தெரியாது என்றார் டாக்டரம்மா. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

பொடி எழுத்து கண்ணைப் பிடுங்குகிறது என்று அப்படியே கண்ணாடிக் கடைக்குப் போனோம். அளவெல்லாம் எடுத்த பிறகு கடைக்காரப் பெண் பிரேமுக்கு வாரண்டி ஒரு வருஷமா, மூணு வருஷமா என்று கேட்டாள்.

"மூணு" என்றேன், யோசிக்காமலே.

இவர் சட்டென்று திரும்பிக்கொண்டு, அலமாரியில் இருந்த குழந்தைகள் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.