என் தொடைத் தசையும் சூடு தாங்கும் ஈஸ்ட்டும்

செப்டம்பர் 4, வியாழன்

தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க எட்டு நொடி. போன மாதமும் எட்டுதான். ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. சபாஷ்டி!

காலையில் வலது தொடையில் தையல் பிரித்தார்கள். பத்து நாளுக்கு முன் அங்கிருந்து பட்டாணி அளவு தசை எடுத்தார்கள். தசைநோய் ஆய்வகத்தில் அதை வளர்க்கிறார்கள். வளர்ந்த செல்களில் புது மருந்தைச் சொட்டிப் பார்ப்பார்களாம். யாருடைய செல் அசைந்துகொடுக்கிறதோ அவருக்குத்தான் மருந்து. சோதனையில் சேர்க்கும் ஆட்களின் பட்டியல் அக்டோபர் 31-ல் மூடப்படும். அதற்குள் செல் வளர்ந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டதற்குத் தசை டாக்டர் மேஜையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

தையல் பிரித்த கையோடு ஒயின் ஆலைக்குப் போய்விட்டேன். அறுவடைக் காலம். ஒன்பது தொட்டிகளிலும் திராட்சைச் சாறு ஒரே நேரத்தில் நுரைத்துக்கொண்டிருக்கிறது. ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு இறங்கியது, வேண்டாத கிருமி ஏதும் புகுந்ததா, எல்லாவற்றுக்கும் நுண்ணுயிர் ஆள் நான் ஒருத்திதான். நான்காம் தொட்டி ஏணியில் மூன்றாவது படியில் நின்றபோது மேனேஜர் கீழே வந்து நின்றார்.

"மேடம், இறங்குங்க. விழுந்து வெச்சா யார் பதில் சொல்றது?"

"நானே சொல்றேன் சார். வாய்க்கு இன்னும் ஒண்ணும் ஆகல."

அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதருக்குச் சிரிக்கிற தசையில் ஏதோ கோளாறு.

செப்டம்பர் 6, சனி

அம்மா பக்கத்து வீட்டில் என்னை 'ஜூஸ் கம்பெனியில சயின்டிஸ்ட்' என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆறு வருஷமாக. திருத்தப் போவதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று என் செல்களைப் பார்த்தேன்!

நோயாளிகளை உள்ளே விடுவதில்லையாம். நல்லா இருக்கே நியாயம். தொடை என்னுடையது, வலி என்னுடையது, பார்ப்பது மட்டும் அவர்களா? ஆலையிலிருந்து நேராகப் போய் ஆய்வக வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே செல் வளர்க்கிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி. தட்டுகளோடு அவர் பேசுவதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அவர் 'தட்டு அக்கா'. அரை மணி நேரம் என்னைப் பார்க்காத மாதிரியே போய் வந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"ரெண்டே நிமிஷம். எதையும் தொடக் கூடாது. டாக்டருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாங்க."

கை கழுவி, அவர்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அடேயப்பா! ரோஜா நிற நீரில் மெல்லிய செல்கள், இரண்டு முனையும் கூராக. என் காலில் இத்தனை சுறுசுறுப்பா என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் பெருகினால் பாதியை உறைய வைத்துச் சேமிப்பார்களாம்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். அக்கா வேறு தட்டை எடுக்கத் திரும்பிய நேரம், என் தட்டின் மூடியைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை. பதினாறு வருஷப் பழக்கம். ஆலையில் எதைத் திறந்தாலும் முதலில் மூக்கு, அப்புறம்தான் மைக்ராஸ்கோப்.

"ஐயையோ, என்ன பண்றீங்க!" என்று அக்கா கத்தியதும் மூடிவிட்டேன். ஒரு நொடிதான். வாசனையே இல்லை.

ஒன்றும் ஆகாது. ஆகாதுதானே?

செப்டம்பர் 13, சனி

தட்டு அக்கா போன் செய்தார். குரல் சரியில்லை. தட்டு முழுக்கக் கலங்கிப்போய்விட்டதாம். உறைய வைக்கும் முன்பே. எல்லாம் போச்சு.

அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை. போ.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆய்வகத்துக்குப் போனேன். விடுமுறை நாளிலும் தசை டாக்டர் வந்திருந்தார். என் எதிரிலேயே தட்டு அக்காவைக் கேட்டார்: "இருபது வருஷ அனுபவம். கையுறை மாத்தக்கூடவா தெரியல?" அக்கா தலை குனிந்து நின்றார். நான் உள்ளே வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா, என்னையா? இரண்டும்தான் போலிருக்கிறது.

நான் தட்டைக் கேட்டு வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இனிக் கெட ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். தசைச் செல்கள் சுருண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவே முட்டை வடிவத்தில் உருண்டைகள். ஒவ்வொன்றின் தோளிலும் சின்ன மொட்டு.

இதைப் பார்க்க எனக்குப் புத்தகம் வேண்டாம். தினம் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறேன். ஈஸ்ட்.

"ஈஸ்ட் எங்கயும் இருக்கும்" என்றார் டாக்டர். இருக்கும்தான். கெட்டுப்போன நீரில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். எந்த ஈஸ்ட் என்று தெரிந்தாக வேண்டும்.

வழியெல்லாம் ஒரே சமாதானம்: ஆலை ஈஸ்ட் குளிர்ச்சியில் வேலை செய்கிற ஜென்மம், ஆய்வகத்தின் முப்பத்தேழு பாகைச் சூட்டில் சுணங்கிவிடும், நம்முடையதாக இருக்காது, இருக்காது.

செப்டம்பர் 16, செவ்வாய்

நம்முடையதுதான்.

நாற்பத்திரண்டு பாகையில் வைத்துப் பார்த்தேன். மற்ற ரகமெல்லாம் அந்தச் சூட்டில் படுத்துவிடும். இது வெள்ளை வெளேரென்று வளர்ந்து நிற்கிறது. பக்கத்தில் ஆலை ஈஸ்ட்டையும் வைத்திருந்தேன். அச்சு அசல் அதேதான். இரண்டு வருஷத்துக்கு முன், கோடையில் தொட்டி சூடானாலும் சாகாத ரகம் வேண்டும் என்று நாற்பது ரகங்களில் தேடிப் பிடித்தவள் யார்? நான். 'எதற்கும் அசராது' என்று அறிக்கையில் எழுதியவள் யார்? அதுவும் நான். அதைத் தலைமுடியில் ஒட்டவைத்துக்கொண்டு போய், முகரக் குனிந்து, என் தசை மேல் நானே உதிர்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பத்து நிமிஷம். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு ஐந்தாம் தொட்டி சர்க்கரை பார்க்கப் போனேன். அது எனக்காக நிற்குமா?

செப்டம்பர் 17, புதன்

இரண்டு தட்டுகளையும் டாக்டர் மேஜை மேல் வைத்தேன்.

"கதவைத் திறந்தது அவங்க. நான் அரை மணி நேரம் நச்சரிச்சதால திறந்தாங்க. மூடியைத் திறந்தது நான். மோந்து பார்த்தேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

தட்டு அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். டாக்டர் தட்டுகளை மாறி மாறிப் பார்த்தார்.

"மோந்து பார்த்தீங்களா?"

"ஆமா."

"தன் செல்லைத் தானே புளிக்க வெச்ச முதல் ஆள் நீங்கதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மறுபடி எடுங்கள் என்றேன். வலது தொடையில் இனி எடுக்க ஒன்றுமில்லை, பாதிக்கு மேல் கொழுப்பாகிவிட்டது என்றார். இடது தொடையில் எடுக்கலாம். ஆனால் ஏணியில் முதலில் வைக்கிற கால் அது. அதைக் கொஞ்ச நாளாவது பலவீனப்படுத்தும், பலம் திரும்ப வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார். வளர நாலு வாரத்துக்கு மேல் ஆகும். பட்டியல் மூட ஆறு வாரம் இருக்கிறது. இந்த முறையும் கெட்டால் அவ்வளவுதான்.

"அதுவரைக்கும் ஆலை வேலையை நிறுத்திடுங்க."

"மாட்டேன்."

"அப்ப லேபுக்கு வரக் கூடாது. வாசல் நாற்காலிகூடக் கிடையாது."

"வர மாட்டேன். வேலையை விட மாட்டேன்."

எது கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 19, வெள்ளி

வீட்டில் ரகளை. அண்ணன் வந்திருந்தான். அம்மா வரவழைத்திருக்கிறாள்.

"இருக்கிற சதையையும் அறுத்துக் குடுத்துட்டு எதுல நிப்ப?" என்றாள் அம்மா.

"மருந்து வேலை செய்யும்னு எழுதிக் குடுத்தாங்களா?" இது அண்ணன்.

"இல்ல. செய்யாதுன்னு தெரிஞ்சாலும் பரவாயில்ல. தெரியணும். சும்மா உக்காந்து வருஷத்துக்கு ஒரு நொடி ஒரு நொடியா எண்ணிட்டிருக்க என்னால முடியாது."

"நாங்க பாத்துக்க மாட்டோமா உன்னை?" என்றான் அண்ணன்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. பார்த்துக்கொள்வார்கள். நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். ஜன்னலோரமாக உட்கார வைத்து, கையில் டம்ளர் கொடுத்து. என்னை யாரும் பாத்துக்க வேணாம், நானே பாத்துக்கறேன் என்று கத்தினேன். அண்ணன் சாப்பிடாமல் போய்விட்டான். அம்மா பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

...அண்ணனிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

செப்டம்பர் 22, திங்கள்

தலைக்கு இரண்டு முறை குளித்து, ஆலைப் பக்கமே போகாத புதுத் துணி உடுத்திப் போனேன். நர்ஸ் என் தலையைத் துணியால் கட்டி, மேலே இன்னொன்றையும் கட்டினார். "உங்களைப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டோம்" என்றார்.

இடது தொடை மரத்துப்போக ஊசி போட்டார்கள். இழுப்பது மட்டும் தெரிந்தது. கண்ணை மூடவில்லை. எடுத்ததைக் காட்டச் சொன்னேன். தூரத்தில் பிடித்துக் காட்டினார்கள்.

அம்மா வரவில்லை. அண்ணன் வாசலில் வண்டியோடு நின்றான். "ஏறு" என்றான். ஏறினேன். வீடு வரை அவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் 25, வியாழன்

எழுந்திருக்கப் பதினான்கு நொடி.

செப்டம்பர் 26, வெள்ளி

நான்காம் தொட்டி ஏணியில் ஒரு சங்கிலி, பூட்டு. மேனேஜர் வேலை.

"பேப்பர் வேலை நிறைய இருக்கு மேடம். ஆபீஸ்ல ஜன்னலோரமா உக்காந்து பாருங்க."

ஜன்னல்! இவருமா!

பூட்டைப் பிடித்து ஆட்டவில்லை. கத்தவும் இல்லை. வெல்டரைத் தேடிப் போனேன். தொட்டியின் பக்கவாட்டில் மூன்று உயரத்தில் மூன்று குழாய் வைத்தால், மேல் சாறு, நடுச் சாறு, அடிச் சாறு எல்லாம் தரையில் நின்றே எடுக்கலாம். வெல்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தரையிலேயே படம் போட்டார்.

"இத ஏன் யாரும் இத்தன நாள் கேக்கல? ஏணியில ஏறி ஏறி எங்க ஆளுங்களுக்கும் முட்டி தேஞ்சு போச்சே."

தொட்டி காலியானதும் செய்துவிடலாம் என்றார். அதுவரை? அதுவரைக்கும் என்று பூட்டின் சாவியைக் கேட்டு வாங்கினேன். எப்படி என்று எழுதினால் மேனேஜருக்கு மரியாதையாக இருக்காது.

அக்டோபர் 3, வெள்ளி

பத்து நாளாயிற்று. போன் இல்லை.

அக்டோபர் 11, சனி

மருந்துக் கடை ஆய்வகத் தெருவில்தான் இருக்கிறது. வேறு கடையா இல்லை? இருக்கிறது. ஆனாலும் போனேன். ஆய்வக வாசலைத் தாண்டும்போது அந்த நாற்காலி கண்ணில் பட்டது. கால் தானாக நின்றது. சட்டைக் கையை முகர்ந்து பார்த்தேன். ஆலை வாடை.

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். என் ஆயுளில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு கதவைத் திறக்காமல் இருந்ததில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

தட்டு அக்காவிடமிருந்து ஒரே வரி: "தெளிவா இருக்கு." பதில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் "சரி" என்று அனுப்பினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

சேர்ந்துவிட்டேன்! செல் போதுமான அளவு பெருகிவிட்டது. பாதியை உறைய வைத்தாயிற்று, மீதிக்கு மருந்து சொட்டப் போகிறார்கள். பட்டியலில் பதினோராவது ஆள் நான்.

மூன்று தொட்டிகளுக்குக் குழாய் வைத்தாயிற்று. சாறு எடுக்க மேனேஜரே நேற்று ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். தன் யோசனை மாதிரி மேலே எழுதி அனுப்பியிருக்கிறாராம். அனுப்பட்டும். ஏணிச் சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

அம்மாவிடம் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். "ம்" என்றாள். ஒரு மாதமாக 'ம்'தான்.

நவம்பர் 6, வியாழன்

எழுந்திருக்கப் பதினொன்று. எட்டுக்குத் திரும்பவில்லை. திரும்பாமலும் போகலாம். எழுதி வைக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

சாயங்காலம் தட்டு அக்கா ஒரு வீடியோ அனுப்பினார். பன்னிரண்டு நொடி. தனித்தனியாக இருந்த செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீள நீள நாராகியிருக்கின்றன. நடுவில் ஒரு நார் சுருங்குகிறது. விடுகிறது. மறுபடி சுருங்குகிறது. கீழே எழுதியிருந்தார்: "இது மருந்து போட்ட தட்டு. போடாத தட்டுல இந்தத் துடிப்பு இல்ல. டாக்டர் எல்லாத்தையும் எண்ணிட்டுதான் சொல்லுவாங்க. நான் காட்டினேன்னு மூச்சு விடாதீங்க."

சமையலறைக்குப் போய் அம்மா முகத்துக்கு நேரே போனை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"என்னடி இது?"

"என் கால்மா."

"எந்தக் கால்?"

"இடது."

கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். போட்டுக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். நாலு தடவை பார்த்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்தது, இரண்டு பேருமே நகரவில்லை.

"உயிரோட இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப அதுக்குச் சாப்பாடு யார் போடறா?"

"அங்க ஒரு அக்கா இருக்காங்க. ரெண்டு நாளைக்கு ஒருதரம் போடுவாங்க."

அம்மா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இன்னைக்குப் போட்டாளான்னு கேளு."

கேட்டேன். காலையிலேயே போட்டுவிட்டாராம்.