பிமுர்சா அண்ணனின் சாவுப் படம்

1929 ஜூலை 2

இன்று ஊர் கூடி நெடுநேரம் விவாதித்து, வரலாற்றில் இடம்பெறத்தக்க முடிவொன்றை ஒருமனதாக எடுத்தது: நகரத்திலிருந்து வந்திருக்கும் சினிமாப் படக்காரர் கிளம்பும்வரை எந்த வீட்டிலும் உப்பு கண்ணில் படக்கூடாது. மலைமேல் நாங்கள் உப்பில்லாமல் வாடுகிறோம் என்பதுதான் படமாம். விருந்தாளி கேட்டால் எங்களுக்கு மறுக்கத் தெரியாது. என் உப்பை வைக்கோலுக்கடியில் ஒளித்தேன். மாடு கண்டுபிடித்துவிட்டது.

ஜூலை 5

இப்போது ஒரு சாவு வேண்டுமாம். இந்த வாரம் யாரும் சாகவில்லை என்று தலையைச் சொறிந்தோம். படக்காரர் பெருந்தன்மையோடு மன்னித்தார்; வெற்றுச் சவப்பெட்டியே போதும் என்றார். பனிச்சரிவில் புருஷனை இழந்தவளாக அழ, என் அண்ணி மக்வாலாவைப் பிடித்தார். அண்ணன் பிமுர்சா கூலிவேலைக்குச் சமவெளிக்குப் போயிருக்கிறான். நன்றாகவே இருக்கிறான்.

ஜூலை 6

அண்ணி தேம்பியது அவருக்குப் போதவில்லை. எங்கள் பெண்களுக்குப் பெயர் சொல்லாமல் ஒப்பாரி வராது. அவளுக்கு இருப்பதோ ஒரே புருஷன். மூன்றாம் தடவை, "பிமுர்சா" என்று ஓலமிட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். படக்காரர் கைதட்டினார்.

ஜூலை 8

இலையுதிர்காலத்தில் எனக்கும் நூத்சாவுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. அவள் அப்பா ஜான்சுக் வந்தார். உட்காரவில்லை.

"துக்க வீட்ல பொண்ணு குடுக்க முடியாதுப்பா. வருஷம் கழியணும்."

"என்ன துக்கம் மாமா? அண்ணன் உசுரோட இருக்கான்."

"இருக்கட்டும், சந்தோஷம். பேர் சொல்லி அழுதாச்சே? நானே தொப்பியக் கழட்டினேன்."

அதுவரை பெண்ணை வைத்திருக்க முடியாதாம். கீழூரில் கேட்கிறார்களாம்.

ஜூலை 9

நடிப்புதான் என்று ஊரில் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன் படக்காரரிடம். வாய்விட்டுக் கெஞ்சினேன்.

"நடிப்பா? இவ்வளவு நெசமா நான் எதையும் எடுத்ததில்ல தோழர். பொறுமையா இருங்க. படம் வந்தா இந்த மூடப்பழக்கமெல்லாம் ஒழிஞ்சிடும்."

பாவி. பாலத்தில் வைத்துத் தள்ளிவிடலாமா? — விருந்தாளி. அவன் மூட்டையையும் நான்தான் தூக்கிக்கொண்டு போய் வழியனுப்ப வேண்டும்.

ஜூலை 10

தூக்கினேன்.

ஆகஸ்ட் 3

அண்ணன் வந்துவிட்டான். நேரே ஊர்க்கூட்டத்தின் நடுவில் நிறுத்தினேன். "நல்லாப் பாருங்க, நான்தான்" என்றான். எல்லோரும் கட்டித் தழுவினார்கள். பிறகு, அவன் இழப்புக்கு அவனிடமே ஆறுதல் சொன்னார்கள். ஆனாலும் துக்க வருஷம் துக்க வருஷம்தானாம்.

அழுதது அண்ணி, கேட்டது ஊர், அழவைத்தவன் போய்விட்டான் — நான் யாரை அடிப்பது?

செப்டம்பர் 29

இன்று கீழூரில் நூத்சாவுக்குக் கல்யாணம். துக்க வீட்டார் கல்யாணத்துக்குப் போவதில்லை. நானும் அண்ணனும் மேட்டு வயலில் பார்லி அறுத்தோம்.