ஏலத்தில் ரூத்தும் நானும்

1936, தை மாதம், ஞாயிறு. சித்தூர்.

இன்று அறுப்பின் பண்டிகை ஆராதனை முழுவதும், என் அவசரத்துக்கென்று ஒருமுறைகூட எழாமல் பாயில் உட்கார்ந்திருந்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

போன வருஷம் கோயிலில் நான் பாயை நனைத்துவிட்டதை, குடிபாலாவில் இருக்கும் என் நாத்தனார் ரூத் எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்த நீலப் புடவைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நான் கோயில் பக்கமே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். சோறு இறங்கவில்லை. செத்தால் தேவலை என்றிருந்தது. விசுவாசம் குறைந்துவிட்டது என்று உபதேசியார் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

மருமகள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா, இறங்கியிருந்த கர்ப்பப்பையைத் தாங்க ஒரு வளையம் வைத்தாள். "மூத்திரப்பையும் மனசும் ஒண்ணையொண்ணு கீழ இழுத்துக்கினு கீது ஆயா. நீ பாவம் ஒண்ணும் பண்ணல" என்றாள். அந்தப் பேச்சே பாதி மருந்து.

இன்று காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது, பூசணிக்காய்க்கு ரூத்தும் நானும் மட்டும் மிஞ்சினோம். நான் விடுவேனா? திடீரென்று அவள் முகம் வெளிறியது. முழங்காலை இறுக்கிக்கொண்டாள். அந்த முகம் எனக்குத் தெரியாதா!

"இன்னாடி ரூத்து, உனக்குமா?" என்று காதோடு கேட்டேன்.

"கத்தாத அண்ணி. ஐப்பசிலேர்ந்து இப்டித்தான். தூக்கமே இல்ல, அழுதுக்கினே கீறேன்."

முந்தானையால் மறைத்து வெளியே கூட்டிக்கொண்டு ஓடினேன். திரும்பி வருவதற்குள் பூசணிக்காய் உபதேசியார் மடியில் இருந்தது. அதைப் பார்த்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அவளை இன்னும் மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, விடிந்ததும் குடிபாலாவுக்கு வண்டி கட்டச் சொல்லியிருக்கிறேன்.